உத்தியோகப் படிகள்: சென்னை ராஜதானியில் இலக்கு உருவான கதை

சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தில் தி. முத்துசாமி ஐயரின் சிலை இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் 1832ல் பிறந்தவர். சிறுவயதில் தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1877ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர். தெருவிளக்கில் படித்து உயர்ந்த பையன் என்று பள்ளி மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை இவருடையது. குறிக்கோள் வைத்தார், உழைத்தார், அடைந்தார் என்று மூன்று சொற்களில் அதை முடித்துவிடுவார்கள். ஆனால் வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அப்படி நிற்பதில்லை. அவர் கணக்கெழுதப் போன 1840களில் சென்னை உயர்நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது. அது 1862ல் வந்தது. சட்டத்தில் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகமும் கிடையாது. அது 1857ல் வந்தது. இந்தியர் ஒருவர் மாகாணத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்காரலாம் என்ற எண்ணம் அன்று ஆட்சியாளர்களுக்கும் இல்லை, ஊராருக்கும் இல்லை. திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் பையனின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கும் பிறகு சென்னைக்கும் படிக்க அனுப்பினார். அதன் பிறகு பள்ளித் துணை ஆய்வாளர், தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட், சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி என்று அவர் ஏறிய படிகளில் பல, அவர் அந்த உயரத்தை எட்டுவதற்குச் சற்று முன்புதான் கட்டப்பட்டவை. கணக்கரிடம் இருந்த பையன் எதை இலக்காக வைத்திருக்க முடியும்? அடுத்த வருஷம் இரண்டு ரூபாய் என்பதைத்தான்.

வாழ்க்கைத் தொழிலில் இலக்கு வைப்பது மனத்திட்பத்தால் மட்டும் நடக்கும் காரியம் என்று இன்று வேலைவாய்ப்பு ஆலோசனை சொல்பவர்கள் நம்புகிறார்கள். நீ யாராக வேண்டும் என்று முதலில் தீர்மானி, மற்றது தானே வரும் என்கிறார்கள். சென்னை ராஜதானியின் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது என்பது என் வாதம். முதலில் படிகள் கட்டப்பட்டன. அவை கண்ணுக்குத் தெரிந்தன. ஏறினால் காலடியில் உடையாது என்ற நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகே ஜனங்கள் அவற்றை இலக்காக வைத்துக்கொண்டார்கள். படி இல்லாத இடத்தில் ஆசை இருந்திருக்கலாம், இலக்கு இருக்கவில்லை.

கம்பெனி ஆட்சிக்கு முந்தைய காலத்தில் ஆசைக்குப் பஞ்சம் இருந்ததாக எண்ண வேண்டாம். அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் வேண்டும் என்ற பழமொழி சர்க்கார் உத்தியோகம் தோன்றுவதற்கு முன்பே இருந்த ஆசையைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஆசைக்கும் அதை அடைவதற்கும் இடையில் தனி மனிதர் ஒருவர் திட்டமிட்டுக் கடக்கக்கூடிய வழி குறைவு. கிராமக் கணக்கும் மணியமும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. கோயிலில் பூஜை, மேளம், தச்சு, நெசவு எல்லாம் பிறப்போடு வந்தன. அரண்மனை வேலையோ ஒரு பிரபுவின் தயவில் கிடைத்து அவருடைய கோபத்தில் போனது. பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த காலத்தில் அவருடைய நாட்குறிப்பின் பெரும்பகுதி யார் யாருக்கு வேண்டியவர், யார் யார்மேல் கவர்னருக்கு வருத்தம் என்ற கணக்காகவே ஓடுகிறது. அப்படிப்பட்ட உலகத்தில் சாமர்த்தியம் வேண்டும், ஆள்பழக்கம் வேண்டும். ஐந்து வருஷத்தில் இந்த இடம், பத்து வருஷத்தில் அந்த இடம் என்று யாரும் கணக்குப் போட முடியாது. இங்கே ஒரு வேடிக்கையும் இருக்கிறது: கிராமக் கணக்கு பரம்பரையாகப் போகும் ஏற்பாட்டை ஆங்கிலேயர் ஒழிக்கவில்லை. 1895ல் பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்கென்றே சட்டம் போட்டு அதைக் கெட்டிப்படுத்தினார்கள். அது முடிவுக்கு வந்தது 1980ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். தாலுகா கச்சேரிக்கு மேலே பரீட்சையும் தகுதியும் வந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் கிராமச் சாவடியில் கர்ணத்தின் மகனே கர்ணம்.

மேலே இருந்த படிகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 1841ல் சென்னையில் ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பவெல் என்ற இளம் ஆங்கிலேயர் அதன் தலைமையாசிரியர். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1844ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், சர்க்கார் வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று தீர்மானம் போட்டார். 1857ல் பல்கலைக்கழகம் வந்தது. பவெலிடம் படித்த முதல் மாணவர்களில் ஒருவரான கும்பகோணத்து மாதவராவ், கணக்குத் துறையில் ஒரு சிறு வேலையில் தொடங்கி, திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகப் போய், 1857ல் அந்த சமஸ்தானத்தின் திவானாகிவிட்டார். இந்த ஒரு உதாரணம் காவிரிக் கரை அக்கிரகாரங்களில் என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. பள்ளியிலிருந்து கச்சேரிக்கும் கச்சேரியிலிருந்து திவான் பதவிக்கும் ஒரு பாதை இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டார்கள். அதற்கு முன்பு ஆங்கிலம் படிப்பது ஆசாரக் கேடு என்று முணுமுணுத்த குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பத் தொடங்கின. ஆசாரம் இளகியதற்குத் தத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் என்று பார்ப்பது இந்த வாதத்துக்கு இன்னும் தெளிவைத் தரும். 1858ல் பி.ஏ. தேறியவர்கள் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவர். சி.வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கரோல் விசுவநாதபிள்ளை மற்றவர். கடல் கடந்து வந்தவர்கள் எப்படி முந்தினார்கள்? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823லேயே வட்டுக்கோட்டையில் ஒரு குருமடத்தை நிறுவி, கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தார்கள். முதல் பரீட்சை நடந்தபோது அதற்கு ஆயத்தமாக இருந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யாழ்ப்பாணத்தவருக்குப் பிறவியிலேயே உழைப்பாளிக் குணம் என்று ஒரு பேச்சு உண்டு. குணத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வட்டுக்கோட்டையில் முப்பதாண்டு காலம் இருந்த பள்ளிக்கூடம் குணத்தைவிடச் சுலபமாக நிரூபிக்கக்கூடிய காரணம்.

படிகள் வந்த பிறகு அவற்றின் உயரத்தை ரூபாயில் அளக்கும் பழக்கமும் வந்தது. 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு இளைஞர் மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு குமாஸ்தாவாக மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தார். அவர் சீனிவாச ராமானுஜன். வகுப்பும் கிரேடும் சம்பளமும் ஒட்டிப் பிறந்தவை. மேல் கிரேடில் ஒரு இடம் காலியானால்தான் கீழ் கிரேடுக்காரருக்குச் சம்பளம் கூடும். மேலே இருப்பவர் ஓய்வு பெறவோ மாற்றலாகிப் போகவோ வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூட வேண்டும். இந்த ஏற்பாட்டில் இலக்கு வைப்பதென்றால் இன்னொருவருடைய ஆயுளைக் கணக்குப் போடுவதுதான். 1922 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் இதை மாற்றின. காலியிடத்துக்குக் காத்திராமல் வருஷத்துக்கு வருஷம் ஊதிய உயர்வு தரும் கால அளவுச் சம்பளம் பரவலானது; 55 வயதில் ஓய்வு; அதற்குப் பிறகு பென்ஷன். இன்று இதைச் சலிப்பூட்டும் விதிப்புத்தகமாக நினைக்கிறோம். ஆனால் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் மனத்தை உருவாக்கியதில் இதற்கு எந்த நாவலையும்விடப் பெரிய பங்கு உண்டு என்பேன். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் நாற்பது வயதில் தன் சம்பளம் என்னவாக இருக்கும் என்று அன்றே எழுதிவைக்கலாம். மகளுக்கு எந்த வருஷம் கல்யாணம், எந்த வருஷம் வீட்டுக்கு அஸ்திவாரம் என்று திட்டமிடலாம். மழையை நம்பியிருந்த மிராசுதாருக்கோ விலையை நம்பியிருந்த வியாபாரிக்கோ அந்த வசதி இருந்ததில்லை. எதிர்காலத்தைத் திட்டமிடும் குணம் வந்தது என்பதைவிட, திட்டமிடக்கூடிய எதிர்காலம் வந்தது என்பதே சரி.

இதெல்லாம் ஒரு சாதியின் கதைதானே, இதை வைத்து மொத்தச் சமூகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1913ல் அரசு அதிகாரி கார்டியூ விசாரணைக் கமிஷன் ஒன்றின் முன் கொடுத்த புள்ளிவிவரம் பிரசித்தம்: ராஜதானியில் நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு சுமார் மூன்று சதவீதம். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இந்த எண்களைத்தான் முன்வைத்தது. அதற்கு வந்த பதில்களில் ஒன்று, மற்ற சாதியாருக்கு உத்தியோகத்தில் நாட்டமில்லை, அவர்கள் நிலத்திலும் வியாபாரத்திலும் திருப்தியாக இருக்கிறார்கள் என்பது. நாட்டமின்மை என்று சொல்லப்பட்டதைப் பிறகு நடந்தவை சோதித்துக் காட்டின. 1921ல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. சொல்லளவில் நின்றிருந்த அதை 1920களின் இறுதியில் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்: ஒவ்வொரு 12 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. 1929ல் மாகாணச் சட்டமன்றம் சட்டம் இயற்றிச் சென்னை சர்வீஸ் கமிஷனை நிறுவியது. மாகாணங்களில் இதுவே முதலாவது. ஆளுக்கு வேண்டியவரை வைத்துக்கொள்ளும் உரிமை கச்சேரித் தலைவர்களிடமிருந்து நழுவத் தொடங்கியது. தன் பெயருக்கு எதிரே ஒரு இடம் உண்டு என்று தெரிந்த பிறகு எந்தச் சாதிக்கும் நாட்டம் குறைவாக இருக்கவில்லை. கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலிக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய முதல் தலைமுறைக்கு ஊக்கவுரை தேவைப்பட்டிருக்காது. பக்கத்து ஊரில் ஒருவன் ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தால் போதும்.

இட ஒதுக்கீட்டால் தகுதி கெட்டது என்ற பழைய முறையீட்டுக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்லப் போவதில்லை. அது வேறு கட்டுரை. ஆனால் அந்த முறையீட்டில் ஒளிந்திருக்கும் எண்ணம் நம் விஷயத்தோடு தொடர்புடையது. 128ல் 93 என்பது உழைப்புக்கும் குறிக்கோளுக்கும் கிடைத்த கூலி என்று நம்பினால், மற்ற 97 சதவீத மக்களுக்கு உழைப்பும் குறிக்கோளும் இல்லை என்று நம்ப வேண்டிவரும். படிகள் அவர்கள் வாசலிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தன என்று பார்ப்பது அதைவிட எளிய விளக்கம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1886ல் பிறந்தவர். பதினோரு வயதில் மணமாகி உடனேயே விதவையானவர். 1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு எழும்பூரில் சில இளம் விதவைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார். பிறகு அரசு உதவியோடு விதவைகளுக்கான விடுதி கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. அங்கிருந்து பெண்கள் பள்ளிப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து வேலைக்குப் போனார்கள். மொட்டையடித்து நார்மடி உடுத்தி அடுக்களை மூலையில் இருக்க விதிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் போய் உன் வாழ்க்கை லட்சியம் என்ன என்று கேட்பது குரூரம். சுப்பலட்சுமி அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும், ஆனால் மேல்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை வேலைக்கு அனுப்பாது என்ற அரசின் தவிப்பைப் பெண்கள் பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் அறிந்திருந்தார்; இருவரும் சேர்ந்து, விதவைகள் என்ற யாருக்கும் வேண்டாத கூட்டத்துக்கும் ஆசிரியைகள் என்ற அரசுக்கு வேண்டியிருந்த கூட்டத்துக்கும் இடையில் வழி செய்தார்கள். தங்க இடம், பள்ளிக் கட்டணம், பயிற்சி, சம்பளம். நான்கும் இருந்ததால், ஒருத்தி போனதைப் பார்த்து அடுத்தவள் நானும் டீச்சராக வேண்டும் என்று சொல்ல முடிந்தது.

சர்க்காரை விட்டு வெளியே இப்படி ஏதும் இல்லையா? இருந்தது, அதிலும் சுவையானது நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களுடையது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று தெளிவான அடுக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் கடைக்குப் போய்ப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கும் வட்டியும் கற்பான். மேலாளாகப் போகிறவர் மூன்று வருஷக் கணக்குக்குப் போய், கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டுச் செட்டிநாட்டுக்குத் திரும்புவார். மிச்சம் பிடித்ததைக் கொண்டு பிறகு தானே ஒரு கடை வைக்கலாம். சர்க்கார் உத்தியோகத்தில் மேல் படிக்குப் போனாலும் முதலாளி ஆக முடியாது, இங்கே முடியும். அதனால் செட்டிநாட்டில் நெடுங்காலம் ஆங்கிலப் படிப்புக்கோ குமாஸ்தா வேலைக்கோ மதிப்பிருக்கவில்லை. அதை அவர்களுடைய வியாபார ரத்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1930ல் உலகச் சந்தையில் நெல்விலை சரிந்தது. பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமானமாக இருந்த நிலங்கள் செட்டியார் கைக்கு வந்து குவிந்தன. 1930களின் முடிவில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர்நிலத்தில் கால்பங்கு அவர்களுடையது. விற்க முடியாத நிலம். 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். சுதந்திர பர்மா 1948ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. பெட்டியடிப் பையனின் படி போயிற்று. ரத்தம் அப்படியேதான் இருந்தது, இலக்குகள் மட்டும் இருபது வருஷத்துக்குள் மாறிவிட்டன. அதே சமூகத்தில் மில், பொறியியல், கல்லூரி, வங்கி என்று புதிய ஆசைகள் வந்தன. அழகப்பச் செட்டியார் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்து, லண்டனில் பாரிஸ்டராகி, பஞ்சாலை நடத்தி, 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக நிலமும் பணமும் கொடுத்தார். 1953ல் அது திறக்கப்பட்டது. கடை வேலைக்குப் போகும் பையன்களை ரங்கூன் கப்பலுக்கு அனுப்பிவந்த ஊரில் ஒரு தலைமுறைக்குள் ஆய்வுக்கூடம்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒருவர் கடுமையான ஆட்சேபம் ஒன்றை எழுப்பலாம். படி இருந்தால் வேலை கிடைக்கும், மனநிறைவு கிடைக்குமா? மனநிறைவுக்குத் தனி மனிதரின் விருப்பம்தானே அடிப்படை? இந்த இடத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உத்தியோகஸ்தர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானதாகிறது. தாமோதரம்பிள்ளை ரெவினியூக் கணக்கில் இருந்தார், வக்கீலாக இருந்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இவற்றுக்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. வீரசோழியத்தை 1881லும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885லும், கலித்தொகையை 1887லும் அச்சுக்குக் கொண்டுவந்ததற்காக நினைக்கிறோம். முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. இவர்களில் எவருக்கும் உத்தியோகம் உள்ளத்தின் அழைப்பாக இருந்ததில்லை. ஆனால் மாதச் சம்பளம் வந்தது. ஏடு வாங்கவும் அச்சுக்கூலி கொடுக்கவும் முடிந்தது. அடுத்த வேளைக்கு எந்தப் பிரபுவின் மீதும் கோவை பாட வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய ஆசிரியர் தலைமுறைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பேரறிவு எத்தனை தலபுராணங்களிலும் கடன்களிலும் கரைந்தது என்பது அவருடைய மாணவர் எழுதிய சரித்திரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மாணவர் உ.வே. சாமிநாதையர். 1880ல் தியாகராசச் செட்டியார் ஓய்வு பெற்றபோது கும்பகோணம் கல்லூரியில் அவருடைய இடத்துக்கு 50 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அதுவரை திருவாவடுதுறை மடத்தில் வித்துவானாக இருப்பதே அவர் அறிந்திருந்த மேலான வாழ்வு. கல்லூரிக்கு வந்த அதே ஆண்டில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், புராணங்கள் என்று பட்டியல் நீண்டது. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்றார் முதலியார். படித்ததில்லை. 1887ல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு. தமிழில் இவ்வளவு நிறைவான தொழில் வாழ்வு வேறு எவருக்கும் அமைந்ததா என்பது சந்தேகம். ஆனால் 1880ன் தொடக்கத்தில் அவரை உட்காரவைத்து உங்கள் வாழ்க்கை இலக்கை எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்திருந்தால் சங்க நூல்களைப் பதிப்பிப்பது என்று அவர் எழுதியிருக்க வழியே இல்லை. அப்படி நூல்கள் இருப்பது அவர் கற்ற வட்டத்தில் பேச்சில்கூட இல்லை. விருப்பம் மனத்தில் முன்பே முழுசாக இருந்து வெளியே வரக் காத்திருந்தது என்று சொல்ல இந்த வாழ்க்கை இடம் தரவில்லை. சம்பளமுள்ள இடம் ஒன்று, மாற்றல் உத்தரவில் வந்த ஒரு முன்சீப், அவருடைய அலமாரியிலிருந்த ஒரு கைப்பிரதி: மூன்றும் சேர்ந்த இடத்தில் விருப்பம் பிறந்தது. பிறந்த பிறகு அதை அறுபது வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய குணம். குணத்துக்குரிய பங்கை நான் மறுக்கவில்லை. அது எந்த இடத்தில் வேலை செய்யத் தொடங்கியது என்பதைத்தான் சொல்கிறேன்.

ராமானுஜன் இதற்கெல்லாம் விலக்கு என்று சொல்வார்கள். கணிதத்தைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாமல் கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் பரீட்சைகளில் தவறியவர் அல்லவா? ஆம், உள்ளிருந்து வந்த வேட்கைக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அந்த வேட்கை பல வருஷம் திண்ணையில் சிலேட்டும் கையுமாகக் கிடந்ததற்கும் அவரே சாட்சி. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திரராவ் கொடுத்த மாதம் 25 ரூபாய், துறைமுகத்தின் 30 ரூபாய், 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை என்று படிகள் ஒவ்வொன்றாக அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் இல்லாத அலுவலகத்தில் மூன்றாம் வகுப்பு நான்காம் கிரேடிலேயே ஓய்வு பெற்ற ராமானுஜன்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு கிடையாது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆலோசகர்களின் துறையான தொழில் தேர்வு ஆலோசனையே 1908ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய அலுவலகத்திலிருந்து வந்தது. உன்னை அறிந்துகொள், வேலைகளின் நிலைமையை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் சொன்ன முறை. அவர் தொழில்களின் சம்பளம், வாய்ப்பு, தடை ஆகியவற்றுக்குச் சரிபாதி இடம் கொடுத்தார். அவரிடமிருந்து கிளைத்த சுயமுன்னேற்ற இலக்கியம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தாலும் இதே வரிசைதான். 1980களின் நடுவில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. கல்லூரி வளாகத்துக்கே கம்பெனிகள் ஆள் எடுக்க வரத் தொடங்கின. சில வருஷங்களுக்குள் தர்மபுரியிலும் விருதுநகரிலும் பிள்ளைகளின் வாழ்க்கை லட்சியம் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆனது. அந்த வாசல் குறுகியபோது லட்சியமும் திரும்பிப் பழைய திசையில் நடந்தது. 2022 ஜூலையில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் வேலைகளுக்குப் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். இளைஞர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது, ரிஸ்க் எடுக்கும் துணிவு இல்லை என்று தலையங்கங்கள் கண்டித்தன. ஆனால் அந்த இளைஞர்கள் செய்திருப்பது மிகவும் துல்லியமான கணக்கு. பாடத்திட்டம் அச்சில் இருக்கிறது, வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்று, சாதிச் சான்றிதழுக்கு மதிப்புண்டு, சிபாரிசுக்கு இடம் குறைவு, சேர்ந்தால் வருஷம்தோறும் ஊதிய உயர்வு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலோ சென்னையில் ஒரு டெலிவரி வேலையிலோ ஐந்து வருஷம் நல்லபடியாக உழைத்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இப்படி ஒரு அச்சிட்ட காகிதத்தை அந்த முதலாளிகள் யாரும் இதுவரை அவர்கள் கையில் கொடுத்ததில்லை.